வோல்ட்டை எங்கே அளந்தீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மின்சாரம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கணக்கைச் சுற்றியே இருந்தன. வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கில் வரும் எண் ஏன் பொருளின் மேல் அச்சடித்த எண்ணோடு ஒத்துவரவில்லை? சூத்திரம் எல்லோருக்கும் சரியாகவே தெரிந்திருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே, எந்த நேரத்தில் வோல்ட்டை அளந்தார்கள் என்பதில்தான் பலருக்கும் கணக்கு தடம் மாறுகிறது. எனவே அந்தக் கேள்விகளை மட்டும் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு கீசரில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட் அளக்கும் மீட்டர்) பார்த்தபோது 7.4 ஆம்பியர்தான் ஓடியது. 230-ஆல் பெருக்கினால் 1700 வாட் வருகிறது. கீசர் ஓடும்போது பிளக்கில் 196 வோல்ட் இருந்ததாகவும் அவர் சொன்னார். காயில் பாதி போய்விட்டதா, இல்லை குறைந்த வாட் ஹீட்டரைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் பெருக்கிய 230 யாரும் அளந்த எண் அல்ல, பெட்டியில் அச்சடித்த எண். அந்த 7.4 ஆம்பியர் ஓடிய நேரத்தில் கீசருக்குக் கிடைத்தது 196 வோல்ட். அதைத்தான் கணக்கில் போட வேண்டும்.

196 × 7.4 = 1450 வாட். கீசர் அப்போது உண்மையில் எடுத்த திறன் இது.

196 ÷ 7.4 = 26.5 ஓம். இது காயிலின் மின்தடை.

இப்போது பெயர்ப்பலகையைச் சரிபார்ப்போம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். அளந்ததும் அச்சடித்ததும் ஒன்றுதான். காயில் முழுசாக இருக்கிறது, வாட்டிலும் ஏமாற்றில்லை. குறை வோல்டேஜில்தான்.

வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் வாட்டும் 15 சதவீதம்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். காயிலின் ஓம் மாறாமல் இருப்பதால், வோல்ட் குறையும்போது ஆம்பியரும் அதே அளவுக்குக் குறைகிறது. இரண்டு குறைவும் பெருக்கலில் சேரும். 196-ஐ 230-ஆல் வகுத்தால் 0.85, அதை அதனாலேயே பெருக்கினால் 0.726, அதை 2000-ஆல் பெருக்கினால் 1452 வாட். "வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும்" என்று சொல்வது மோட்டாருக்குப் பொருந்தும், சூடேற்றும் காயிலுக்குப் பொருந்தாது.

கரண்ட் பில்லைப் பற்றியும் கவலை இருக்கும். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.56 யூனிட் தேவை. 2000 வாட்டில் 17 நிமிடத்தில் முடிகிற வேலை, 1450 வாட்டில் 23 நிமிடம் பிடிக்கும். யூனிட் கிட்டத்தட்ட அதேதான், காத்திருக்கும் நேரம்தான் கூடுதல்.

நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் போர்டிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் 198, 199 என்றிருந்தால் தெருவில் வரும் லைனிலேயே வோல்டேஜ் குறைவு. இ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மெயினில் 225 இருந்து பிளக்கில் மட்டும் 196 என்றால் நிலைமை வேறு. நடுவில் 29 வோல்ட் காணாமல் போகிறது. 29 ÷ 7.4 = 3.9 ஓம். 29 × 7.4 = 215 வாட். அந்த 215 வாட்டும் உங்கள் சுவருக்குள் இருக்கும் ஒயரிலும் ஜாயிண்ட்டிலும் சூடாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒழுங்காக இழுத்த 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில், 15 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து கால் ஓம்தான் வரும். 3.9 வந்தால் எங்கோ ஒரு ஜாயிண்ட் கருகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை கீசரைப் போடாதீர்கள்.

அளக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். டாங் டெஸ்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் இருக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே உள்ளே விட்டால் போகும் கரண்ட்டும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மீட்டர் சுழியம் காட்டும். டிபி பாக்ஸில் எம்சிபியிலிருந்து (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) வெளியே போகும் ஒற்றை ஒயரில் பிடிப்பதே வழி. இரண்டாவது, வோல்டேஜை லோடு ஓடும்போதே பாருங்கள். கீசரை அணைத்துவிட்டுப் பார்த்தால் 225 காட்டும் மீட்டர், போட்ட நொடியில் 196-க்கு இறங்கியிருக்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓம் விதியை நேரடியாகக் காட்டலாம் என்று 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தேன். 65 ஓம் காட்டியது. கணக்குப்படி 230 × 230 ÷ 60 = 882 ஓம் வர வேண்டும். மீட்டர் பழுதா?
– அறிவியல் ஆசிரியர், அருப்புக்கோட்டை

பதில்: மீட்டர் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை. எரியும்போது அந்த இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், அப்போது அதன் மின்தடை 12 முதல் 15 மடங்கு கூடிவிடும். 65-ஐ 13.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 882-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் 230 ÷ 65 = 3.5 ஆம்பியர் வரை பாய்கிறது, எரிந்தபின் 0.26 ஆம்பியர். பழைய பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் போவதற்குக் காரணம் இதுதான்.

ஓம் விதியைக் காட்ட பல்பு உகந்த பொருள் அல்ல. அதற்கு வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 10 ஓம், 10 வாட். 1.5 வோல்ட் செல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடராகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்தால் 10-ஐ ஒட்டியே விடை வரும். செல்லின் மேல் அச்சடித்த 1.5-ஐக் குறிக்க விடாதீர்கள். கரண்ட் ஓடும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளில் அளந்த வோல்ட்டையே மாணவர்கள் எழுத வேண்டும். அதன்பின் அதே சுற்றில் ஒரு டார்ச் பல்பைப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் ஏற ஏற ஓம் கூடிக்கொண்டே போவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளை சீரிஸில் போட்டால் எது பிரகாசமாக எரியும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 60 வாட் பல்பு. சீரிஸில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், எனவே ஓம் அதிகமுள்ளதில்தான் வாட் அதிகம். பெயர்ப்பலகைக் கணக்கில் ஒன்று 882 ஓம், இன்னொன்று 529. கரண்ட் 0.163 ஆம்பியர், வாட் 23-ம் 14-ம். நிஜத்தில் 100 வாட் பல்பின் இழை சரியாகச் சூடேறாமல் அதன் ஓம் இன்னும் இறங்கிவிடும். அதனால் வித்தியாசம் கணக்கைவிடப் பெரிதாகவே தெரியும்.

கேள்வி: சுருள் அடுப்பின் காயில் அறுந்துவிட்டால் அறுந்த இரு முனைகளையும் முறுக்கி மறுபடி பயன்படுத்துகிறோம். ஒரு முறை ஒட்டினால் அடிக்கடி அறுகிறது. ஏன்?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: 1000 வாட் காயிலின் மின்தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். அறுந்த இடத்தில் கருகிய பகுதியை வெட்டிவிட்டு முறுக்கும்போது பத்தில் ஒரு பங்கு நீளம் குறைந்தால் 47.6 ஓம் ஆகிவிடும். நீளம் குறைந்ததால் சூடும் குறையும் என்று தோன்றலாம், நடப்பது நேர்மாறு. 230 × 230 ÷ 47.6 = 1111 வாட். கூடுதலான இந்த வாட் முழுவதையும் குறைந்த நீளம் தாங்க வேண்டியிருக்கிறது. காயிலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்பைவிட 23 சதவீதம் அதிக சூட்டைச் சுமக்கிறது. நிக்ரோம் கம்பி அந்தச் சூட்டில் சீக்கிரம் மெலிந்து அறுகிறது. அறுவது முறுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே என்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முறுக்கு இறுக்கமாக அமையாமல் அந்தப் புள்ளியில் தனியாக ஒரு தடை உருவாகி, அங்கே மட்டும் கூடுதலாகப் பழுக்கிறது. கடையில் புதுக் காயில் வாங்கி மாற்றுங்கள். வாங்கும்போது மல்டிமீட்டரில் 50 ஓமுக்கும் 53 ஓமுக்கும் இடையே இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். டங்ஸ்டன் போல நிக்ரோம் சூட்டில் பெரிதாக மாறாது, ஒரு சில சதவீதம்தான் ஏறும். ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு செல்லும்.

கேள்வி: பிளக் பாயிண்டில் எத்தனை ஆம்பியர் வருகிறது என்று பார்க்க மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் வைத்தேன். பெரிய சத்தத்துடன் தீப்பொறி வந்து ஒயர் முனை உருகிவிட்டது. என்ன தவறு?
– வாசகர், ஓசூர்

பதில்: கை, கண் தப்பியது பெரிய விஷயம். இனி ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள்.

பிளக் பாயிண்டில் ஆம்பியர் "வருவது" கிடையாது. அங்கே இருப்பது வோல்ட். எத்தனை ஆம்பியர் ஓட வேண்டும் என்பதை அதில் செருகும் பொருளின் ஓம்தான் முடிவு செய்கிறது. மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு, அதன் மின்தடை ஓமில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். வீட்டு ஒயரின் தடை மட்டுமே கரண்ட்டைத் தடுக்கும், சில நூறு ஆம்பியர் ஒரு கணம் பாய்ந்திருக்கும். எம்சிபி விழுந்ததால் அதோடு நின்றது.

பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, "அன்ஃபியூஸ்டு" என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். 230 வோல்ட்டில் கரண்ட் பார்க்க டாங் டெஸ்டர் மட்டும் போதும். மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையை பேட்டரி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் லோடுக்கு சீரிஸாக மட்டும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கே மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வையுங்கள். அடுத்த முறை வோல்டேஜ் பார்க்க எடுக்கும் ஆள் துளையைக் கவனிக்காமல் போனால் இதே விபத்து மறுபடி நடக்கும்.

கேள்வி: 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ரன்னிங் காயிலை அளந்தேன், 4 ஓம். 230 ÷ 4 = 57 ஆம்பியர், அதாவது 13,000 வாட் என்று வருகிறது. டாங் டெஸ்டரில் 6.5 ஆம்பியர்தான். எது உண்மை?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: 6.5 ஆம்பியர்தான் உண்மை. மல்டிமீட்டர் தன் சிறிய பேட்டரியின் டிசியை அனுப்பி, செம்புக் கம்பியின் தடையை மட்டும் காட்டுகிறது. ஏசி கரண்ட் ஓடும்போது காயிலின் காந்தப்புலம் தனியாக எதிர்ப்புக் காட்டும். ரோட்டார் சுழலத் தொடங்கியதும் அது காயிலில் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, கரண்ட்டை மேலும் கட்டுப்படுத்தும். இந்த இரண்டும் மல்டிமீட்டரின் ஓம் எண்ணில் இல்லை. எனவே மோட்டார், ஃபேன், மிக்ஸி, சோக் எதற்கும் வோல்ட்டை ஓமால் வகுக்கும் கணக்கு உதவாது.

ரோட்டார் ஜாம் ஆகிச் சுற்றாமல் நின்றால் எதிர் வோல்டேஜ் இல்லாமல் போய், கரண்ட் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்குக்கு ஏறிவிடும். கரண்ட்டை அதனாலேயே பெருக்கி ஓமால் பெருக்கினால் காயிலுக்குள் உண்டாகும் சூடு தெரியும். சாதாரண ஓட்டத்தில் 6.5 × 6.5 × 4 = 169 வாட். 30 ஆம்பியர் ஏறினால் 30 × 30 × 4 = 3600 வாட். தண்ணீர் ஏறாமல் உறுமும் மோட்டாரைச் சில நொடிகளில் அணைக்காவிட்டால் காயில் கருகுவது இதனால்தான்.

சரி, வாட் எவ்வளவு? 230 × 6.5 = 1495 என்பதும் வாட் அல்ல, அது வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி ஓடுவதால் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அது 0.75 என்றால் 1121 வாட். 1 எச்பி என்பது 746 வாட், அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் வேலை. மிச்சம் சூடாகப் போகிறது.

பவர் ஃபேக்டரை ஊகிக்காமலேயே வாட் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: இ.பி. மீட்டர். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள், ஃபிரிட்ஜையும் மறக்காமல். மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, தண்ணீர் சீராக விழத் தொடங்கியபின் 30 மினுக்கு ஆக எத்தனை நொடி என்று பாருங்கள். முதல் மினுக்கில் "சுழியம்" என்று எண்ணத் தொடங்குங்கள், "ஒன்று" என்று தொடங்கினால் ஒன்று குறைந்துவிடும். 30 நொடி ஆனால் கணக்கு இது: 36,00,000 × 30 ÷ 3200 ÷ 30 = 1125 வாட். ஃபேன், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் ஏசி எதற்கும் இந்த முறை சரியான வாட்டைத் தரும், ஏனென்றால் மீட்டர் பவர் ஃபேக்டரையும் சேர்த்தே அளக்கிறது.

அப்படியென்றால் அந்த 4 ஓம் வீணா என்றால் இல்லை. மோட்டாரின் நலம் பார்க்க அது நல்ல அளவு. மெயினை அணைத்து, கண்டன்சரின் இரு முனைகளையும் ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாகச் சேர்த்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மோட்டாரின் மூன்று ஒயரையும் (ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில், இரண்டுக்கும் பொதுவான காமன்) தனியாகக் கழற்றுங்கள். இரண்டிரண்டாக மூன்று அளவு எடுங்கள். காமனுக்கும் ரன்னிங்குக்கும் 4, காமனுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் 9 என்றால், ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் 13 வர வேண்டும். கூட்டல் சரியாக வந்தால் காயில் எங்கும் அறுபடவில்லை. புது மோட்டார் வாங்கிய அன்றே இந்த மூன்று எண்களையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் 4 இருந்த இடத்தில் 3 வந்தால் காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று உடனே தெரியும். அளப்பதற்கு முன் மீட்டர் ஒயர்களின் இரு முனைகளையும் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். 0.3 ஓம் காட்டினால் அதை ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கிணறு 100 மீட்டர். 1.5 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 9 ஆம்பியர் எடுக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 9 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும், அது போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டாம். ஒயர் சூடாகி உருகாமல் தாங்குமா என்பது ஒரு கேள்வி, கிணற்றடிக்குப் போதிய வோல்டேஜ் போய்ச்சேருமா என்பது வேறு கேள்வி. கடைக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்.

பல இழைகள் கொண்ட செம்பு ஒயருக்கு 1000 மீட்டருக்கான அதிகபட்ச மின்தடை: 1.5 ஸ்கொயருக்கு 13.3 ஓம், 2.5-க்கு 7.98, 4-க்கு 4.95, 6-க்கு 3.3. கிணறு 100 மீட்டர் என்றாலும் கரண்ட் போகவும் வரவும் வேண்டும், எனவே 200 மீட்டர் ஒயர் என்று கணக்கிடுங்கள். இதை மறப்பதால்தான் பலருடைய கணக்கு பாதியாக வருகிறது.

1.5 ஸ்கொயரில் 13.3 × 0.2 = 2.66 ஓம். அதை 9-ஆல் பெருக்கினால் 24 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டில் 220 இருந்தால் மோட்டாருக்கு 196. ஒயரில் வீணாகும் திறன் 24 × 9 = 215 வாட். 2.5 ஸ்கொயரில் 14 வோல்ட், 129 வாட். 4 ஸ்கொயரில் 9 வோல்ட், 80 வாட். 6 ஸ்கொயரில் 6 வோல்ட், 53 வாட்.

ஓடும்போது உள்ள நிலைமைதான் இது. ஸ்டார்ட் ஆகும்போது 36 ஆம்பியர் இழுத்தால், 1.5 ஸ்கொயரில் 36 × 2.66 = 96 வோல்ட் இறங்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது 124 வோல்ட். சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாலையில் லைன் வோல்டேஜ் 200-க்கு இறங்கும் நாளில் மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்கும்.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை 4 ஸ்கொயர். உங்கள் பகுதியில் வோல்டேஜ் எப்போதும் குறைவு என்றால் 6. தினமும் மூன்று மணி நேரம் ஓடினால், 1.5-க்கும் 4-க்கும் உள்ள 135 வாட் வித்தியாசம் இரண்டு மாதத்தில் 24 யூனிட் ஆகிறது. அலுமினியக் கேபிள் போடுவதாக இருந்தால் அதே பருமனுக்குத் தடை ஏறத்தாழ 1.6 மடங்கு. 6 ஸ்கொயர் செம்புக்குப் பதில் 10 ஸ்கொயர் அலுமினியம் வாங்க வேண்டும்.

வாங்கும் ஒயரில் சொன்ன அளவுக்குச் செம்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய ஒயரும் சந்தையில் உலவுகிறது. 90 மீட்டர் சுருளில் 2.5 ஸ்கொயருக்கு 0.72 ஓமுக்கு மேல் வரக்கூடாது. இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் நம்பகமாகக் காட்டாது. எனவே வோல்ட்–ஆம்பியர் முறையில் போங்கள். 12 வோல்ட் பேட்டரி, 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு, 10 ஆம்பியர் துளையில் போட்ட மல்டிமீட்டர், ஒயர் சுருள், நான்கையும் வரிசையாக ஒரே சுற்றில் சேருங்கள். கரண்ட்டைக் குறியுங்கள். இன்னொரு மீட்டரால் சுருளின் இரு முனைகளுக்கு நடுவே மட்டும் வோல்ட் பாருங்கள், பேட்டரியின் முனைகளில் அல்ல. 4 ஆம்பியர் ஓடி 2.9 வோல்ட் காட்டினால் 2.9 ÷ 4 = 0.72 ஓம், நல்ல ஒயர். 4.4 வோல்ட் காட்டினால் 1.1 ஓம், அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் போடும் 16 ஆம்பியர் சாக்கெட் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பாகிறது. 9 ஆம்பியருக்கு மேல் எதுவும் போடுவதில்லையே?
– வாசகி, வேலூர்

பதில்: அந்த ஓட்டைக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்துவிட்டது, அல்லது பின்பக்கம் ஒயரை இறுக்கும் திருகு லூஸ். தளர்ந்த இடத்தில் 0.3 ஓம் தடை உருவானால் போதும், 9 × 9 × 0.3 = 24 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் அளவுச் சூடு, மணிக்கணக்கில் பிளாஸ்டிக்கை ஒட்டியே இருக்கிறது. எம்சிபி இதைக் கவனிக்காது, ஏனென்றால் மொத்தக் கரண்ட் கூடவில்லை. சூடு ஏற ஏறப் பித்தளை மேலும் தளரும், தடை மேலும் கூடும்.

மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றுங்கள். ஒயர் முனை கருத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பளபளப்பான செம்பு தெரியும்படி சீவி, இரட்டையாக மடித்துத் திருகுங்கள். பழுப்பேறிய சாக்கெட்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது, ஒருமுறை சூடேறிய பித்தளை மறுபடி இறுக்கமாகப் பிடிக்காது. பிளக்கின் உலோகக் காலும் கருத்திருந்தால் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது சாக்கெட்டும் சில மாதங்களில் கெட்டுவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியின் பிளஸ் முனை கைவைக்க முடியாத அளவு சுடுகிறது. வீட்டு லோடு 600 வாட்தான், அதாவது மூன்று ஆம்பியருக்கும் குறைவு.
– வாசகர், மதுராந்தகம்

பதில்: மூன்று ஆம்பியர் என்பது 230 வோல்ட் பக்கம். பேட்டரிப் பக்கம் 12 வோல்ட். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 600 ÷ 0.8 = 750 வாட், 12-ஆல் வகுத்தால் 62 ஆம்பியர். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்த உப்பு 0.01 ஓம் தடை கொடுத்தாலும் 62 × 62 × 0.01 = 38 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில். கூடவே 0.6 வோல்ட் குறைவதால் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தும்.

லோடு ஓடும்போது மீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை ஒயரின் லக்கிலும் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) அழுத்துங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 0.3-க்கு மேல் என்றால் சுத்தம் செய்தாக வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் மெயின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். முதலில் மைனஸ் ஒயரையும் பிறகு பிளஸ்ஸையும் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து முனையைக் கழுவுங்கள், பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, முதலில் பிளஸ்ஸையும் பிறகு மைனஸையும் நன்றாக முடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வாஸ்லின் தடவுங்கள். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக்டர் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்இடி எரிய எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சிறிய எல்இடி 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 12 − 3 = 9 வோல்ட். 9 ÷ 0.02 = 450 ஓம், கடையில் கிடைப்பது 470. ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை இருக்கும். அப்போது ரெசிஸ்டரில் 11.4 வோல்ட், கரண்ட் 24 மில்லி ஆம்பியர், 0.28 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதற்குப் போதாது. 680 ஓம், அரை வாட் வாங்குங்கள்: இன்ஜின் ஓடினாலும் 17 மில்லி ஆம்பியர், 0.19 வாட். ரெசிஸ்டரை பிளஸ் பக்கம் போட்டாலும் மைனஸ் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.